ஆம்பளப் பிள்ளைக்கு ஒரு பெஞ்சு

நான் கணக்கு டீச்சர். பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு ஒரு பஸ், அரியலூரிலிருந்து செந்துறைப் பக்கம் போக இன்னொரு பஸ், இறங்கினால் கொஞ்சம் நடை. அப்படிப் போய்ச் சேருகிற ஒரு சிறிய அரசு உயர்நிலைப் பள்ளியில் வேலை. ஆறிலிருந்து பத்து வரை, வகுப்புக்கு ஒரு பிரிவு. எல்லாக் கதவிலும் 'ஏ பிரிவு' என்று பெயின்டில் எழுதியிருக்கும். 'பி பிரிவு' எங்கே என்று மட்டும் யாரும் கேட்டுவிடக் கூடாது.

முதல் நாள் எட்டாம் வகுப்புக்குள் நுழைந்ததும், தவறிப் போய்ப் பெண்கள் பள்ளிக்கு வந்துவிட்டேனோ என்று நினைத்தேன். எங்கே பார்த்தாலும் இரட்டைச் சடை, சிவப்பு ரிப்பன். கடைசியில் சுவரோரமாக ஒரே ஒரு பெஞ்சில் பையன்கள் இருந்தார்கள். டவுன் பஸ்ஸில் லேடீஸ் சீட் என்று தெரியாமல் உட்கார்ந்துவிட்ட ஆண்களின் முகம் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது அவர்கள் முகம்.

ஊரில் ஆண்பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. காலையில் தனியார் பள்ளியின் மஞ்சள் வேன் வந்து அவர்களை அள்ளிக்கொண்டு போய்விடும். ஒரே வீட்டில் பையன் டை கட்டிக்கொண்டு வேனுக்கு நிற்பான். அவன் கூடப் பிறந்தவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எங்கள் பள்ளிக்கு நடப்பாள். எல்லா வீட்டிலும் கூடிப் பேசி முடிவெடுத்த மாதிரி இதே கதை. எங்களிடம் மிச்சமிருந்த பையன்களில் பாதிப் பேர், பத்தாம் வகுப்பில் எல்லோரையும் பாஸ் காட்ட வேண்டிய பள்ளிகள் முன்கூட்டியே கழித்துவிட்டவர்கள். மீதிப் பேர் வேனுக்குப் பணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகள். இரண்டு தரப்பினரும் எங்கள் பெண்களுக்கு அடங்கி நடந்தார்கள். ஒருவன் தன் வகுப்புத் தோழியையே 'அக்கா' என்று கூப்பிடுவதை என் காதால் கேட்டேன்.

தலைமையாசிரியருக்கு ஓய்வு பெற அதிக காலம் இல்லை. அதற்குள் பள்ளியின் எண்ணிக்கை சரிந்துவிடக் கூடாது என்பது அவர் கவலை. எனக்கும் ஒரு கவலை உண்டு. பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர்களில் ஒருவரை 'உபரி' என்று சொல்லி வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள். கடைசியாக வந்து சேர்ந்தவள் நான். ஆண்டிமடம் தாண்டி ஏதாவது ஒரு முந்திரிக்காட்டுப் பள்ளிக்கு மூன்றாவது பஸ் பிடிக்கும் காட்சி எனக்குக் கனவில் வரும்.

அதனால் மே மாதம் எங்களுக்கு விடுமுறை கிடையாது. வீடு வீடாகப் போய் "எங்கள் பள்ளியில் சேருங்கள்" என்று கேட்க வேண்டும். சுற்றறிக்கையில் இதற்கு 'மாணவர் சேர்க்கை விழிப்புணர்வு' என்று மரியாதையான பெயர். எங்களுக்குள் 'புள்ள புடிக்கப் போறது' என்போம்.

அந்த வருஷம் தலைமையாசிரியர் சொந்தச் செலவில் ஒரு ஃப்ளெக்ஸ் அடித்தார்.

"பாய்ஸ முன்னாடி நிறுத்துங்க டீச்சர். பாக்குறவன் இது பொம்பளப் புள்ளைங்க ஸ்கூலுன்னு நெனச்சிடக் கூடாது" என்றார்.

முன்னாடி நிறுத்த ஆள் வேண்டுமே. விடுமுறையில் அகப்பட்டவன் ஒரே ஒருவன். அவனையே சட்டை மாற்றி மாற்றி, ஒரு படத்தில் மைக்ராஸ்கோப்போடும் இன்னொன்றில் வாலிபாலோடும் மூன்றாவதில் கம்ப்யூட்டர் முன்னாலும் நிறுத்தி எடுத்தோம். கரன்ட் இல்லாததால் கம்ப்யூட்டர் அணைந்திருந்தது. ஃப்ளெக்ஸை டீக்கடைக்கு எதிரே கட்டிவிட்டுத் திரும்புவதற்குள் டீ மாஸ்டர் கேட்டுவிட்டார்:

"ஏன் சார், மூணும் ஒரு வயித்துப் புள்ளைங்களா?"

"ஆமாம்பா" என்று சொல்லிவிட்டுத் தலைமையாசிரியர் டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

அங்கிருந்து நாங்கள் போன முதல் வீடு எட்டாம் வகுப்பின் லீடருடையது. இரட்டைப் பிள்ளைகள் உள்ள வீடு. பெண் எங்களிடம், பையன் வேனில். அவள் அவனுக்குச் சில நிமிடம் முன்னால் பிறந்தவள். அந்தச் சில நிமிடத்தை வைத்துக்கொண்டு அவனைக் காலம் பூராவும் 'தம்பி' என்றே கூப்பிடுவது என்று தீர்மானித்திருந்தாள். எங்கள் பள்ளியில் அவள் வைத்ததுதான் சட்டம். கரும்பலகையில் நான் ஒரு கூட்டலைத் தப்பாகப் போட்டால் "டீச்சர், ஒரு நிமிஷம்" என்பாள். அந்த 'ஒரு நிமிஷம்' எனக்குப் பிடிக்காது. ஆனால் அவள் வராத நாளில் வகுப்பு வகுப்பாக இருக்காது.

அவள் அப்பா சொந்தமாக ஒரு லாரி வைத்துக்கொண்டு சிமென்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் லோடு அடிப்பவர். எங்களை நாற்காலி போட்டு உட்கார வைத்தார். அம்மா மோர் கொண்டுவந்து தந்தார். பையனை எங்கள் பள்ளியில் சேர்க்கலாமே என்று தலைமையாசிரியர் ஆரம்பித்தார்.

"அது சரிவராதுங்க சார். ஆம்பளப் புள்ள நாளைக்கு நாலு எடம் போவணும், நாலு பேருகிட்ட பேசணும். அதுக்கு இங்கிலீசு வேணும்ல?"

"அப்ப பொண்ணு?" என்றேன்.

"அது ஏற்கெனவே நல்லாத்தான் டீச்சர் பேசுது" என்றார்.

தலைமையாசிரியர் அரசுப் பள்ளியின் சிறப்புகளை விரல் மடக்கிச் சொல்லத் தொடங்கினார். இலவச சைக்கிள் வரைக்கும் வந்தபோது வீட்டுக்காரர் பணிவாகக் குறுக்கிட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க சார். ஒங்க புள்ளைங்க எங்க படிச்சுது?"

தலைமையாசிரியரின் பிள்ளைகள் திருச்சியில் தனியார் பள்ளியில் படித்தவர்கள் என்பது மாவட்டத்துக்கே தெரியும். அவர் மோர் டம்ளருக்குள் எதையோ தேட ஆரம்பித்தார். உடனே கேள்வி என் பக்கம் திரும்பியது.

"டீச்சர் புள்ள எங்க படிக்குது?"

"எனக்கு இன்னும் கல்யாணம் ஆவலங்க."

"அப்ப மொதல்ல அதப் பாருங்க. எங்க வூட்டுப் புள்ளைய அப்புறமா பாக்கலாம்."

பையன் கதவில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். "என்னப்பா, லீவு எப்படிப் போவுது?" என்று கேட்டேன். அப்பாவைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், வாயைத் திறக்கவில்லை.

"முன்னெல்லாம் ஓயாம பேசுவான் டீச்சர். ரெண்டு வருசமா என்னமோ வாயே தொறக்கிறதில்ல" என்றார் அம்மா.

"படிக்கிற புள்ள அப்படித்தான் இருக்கும்" என்று அப்பா அந்தப் பேச்சை முடித்துவிட்டார்.

வெறுங்கையோடு வெளியே வந்தோம். அன்று முழுக்க வெயிலில் அலைந்து எங்களுக்குக் கிடைத்தது ஆறாம் வகுப்புக்குச் சில பெண்பிள்ளைகளும், நாய்க்கடிக்குத் தப்பித்த அனுபவமும்தான்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. ஒரு நாள் முதல் பீரியடுக்கு ஒன்பதாம் வகுப்புக்குள் போனேன். ஒரு பெண் எழுந்து, "டீச்சர், பாய்ஸ் பெஞ்சுல ஒண்ணு ஜாஸ்தியா இருக்கு" என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். கறுப்பு ஷூ, கோடு போட்ட டை, மெரூன் கட்டம் போட்ட சட்டை. லாரிக்காரர் வீட்டுப் பையன் பெஞ்சின் ஓரத்தில் பாதி உட்கார்ந்தும் பாதி தொங்கியும் இருந்தான். வயிறு வலிக்கிறது என்று வேன் டிரைவரிடம் சொல்லித் தெரு முக்கத்தில் இறங்கி, நேராக எங்கள் வகுப்புக்கு வந்திருக்கிறான்.

செய்தி கேட்டுத் தலைமையாசிரியர் ஓடி வந்தார். வராது வந்த ஆண்பிள்ளை! முகத்தில் சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்த நொடியே, அடுத்த பள்ளிப் பிள்ளையை நாம் பிடித்து வைத்திருக்கிறோம் என்பது உறைத்துவிட்டது. "அவங்க அப்பாவுக்கு ஃபோன் போடுங்க. அதுக்குள்ள... பையன் சாப்டானான்னு கேளுங்க" என்றார்.

அவனை ஸ்டாஃப் ரூமுக்கு அழைத்துப்போய்த் தண்ணீர் கொடுத்து, "ஏம்பா இப்படிப் பண்ணுன?" என்று கேட்டேன். தண்ணீரைக் குடித்து முடித்தான். பிறகு உடைந்துகொண்டிருக்கிற அந்த வயசுக் குரலில் சொன்னான்:

"அங்க தமிழ்ல பேசுனா ஃபைன் டீச்சர். இங்கிலீஷ்ல பேசுனா எல்லாரும் சிரிக்கிறாங்க. அதான் பேசறத வுட்டுட்டேன்."

நான் முதல் முறையாக அவன் குரலைக் கேட்டது அப்போதுதான். நாலு பேரிடம் பேச வேண்டும் என்று அனுப்பிய பிள்ளை, வீட்டில் இருக்கிற மூணு பேரிடமும் பேசாமல் ஆகியிருந்தான்.

வெளியே வந்தால் வராந்தாவில் அவன் அக்கா நின்றுகொண்டிருந்தாள். தம்பிக்காகப் பரிந்து பேச வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"இவன அனுப்பிச்சிடுங்க டீச்சர்" என்றாள்.

"ஏம்மா, ஒன் தம்பிதான?"

"வூட்ல எல்லாமே அவனுக்குத்தான். ஃபேன் அவன் பக்கம்தான் சுத்தும். பெரிய முட்டை அவனுக்குத்தான். இங்கதான் டீச்சர் நான் நானா இருக்கேன். இங்கயும் அவன் வந்துட்டா நான் எங்க போறது?"

வகுப்பையே விரலசைவில் ஆட்டி வைக்கிற பெண்ணுக்குக் கண் கலங்கியிருந்தது. "போய் க்ளாஸப் பாத்துக்க, சத்தமா இருக்கு" என்றேன். போனாள். சத்தம் உடனே நின்றது.

அப்பா பைக்கில் வந்து இறங்கினார். "புள்ள புடிக்கிறவங்களா நீங்கல்லாம்?" என்று வாசலிலேயே ஆரம்பித்தார்.

"அது மே மாசந்தாங்க. இப்ப ஜூன் ஆயிடுச்சு" என்றார் தலைமையாசிரியர். அவர் நிஜமாகவே விளக்கம்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்து, அதை இருமலாக மாற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அப்பா யாரையும் பார்க்காமல் பையனைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனார்.

அடுத்த வாரமும் பையன் முக்கத்தில் இறங்கிவிட்டான். அதற்கடுத்த வாரமும். வயிற்று வலி போய்த் தலைவலி, தலைவலி போய்ப் பல்வலி. வேன் டிரைவர், இனி இவனை ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

அதன் பிறகு ஒரு காலையில் அம்மா வந்தார். இரண்டு பக்கமும் இரண்டு பிள்ளைகள். பெண் எங்கள் சீருடையில்; பையன் வீட்டுச் சட்டையில்.

"இவன இங்க சேத்துக்கங்க சார்" என்றார்.

"அவங்க அப்பாவுக்குத் தெரியுமா?"

"லோடு ஏத்தப் போயிருக்காரு. சாயங்காலம் வந்து தெரிஞ்சுக்குவாரு."

தலைமையாசிரியர் பேனாவைத் திறந்துவிட்டார். அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். "இருங்க சார், இன்னும் முடிக்கல. அந்த ஸ்கூல்ல கட்டுன பீசு கட்டுனதுதான், திருப்பித் தர மாட்டோம்னு சொல்லிட்டாங்க. அப்படின்னா அவன் எடத்துல எம் பொண்ண உக்கார வையுங்கன்னேன். மேலயும் கீழயும் பாத்தாங்க. ஒரு கணக்குப் பரீட்ச வச்சாங்க. சரின்னுட்டாங்க. இவளுக்கு டிசி குடுத்துடுங்க."

தலைமையாசிரியர் மனசுக்குள் கூட்டிக் கழிப்பது முகத்திலேயே தெரிந்தது. "ஒண்ணு வருது, ஒண்ணு போவுது. மொத்தம் கொறையல. பாய்ஸ்ல ஒண்ணு கூடுது!" என்று என்னிடம் கிசுகிசுத்தார். லாட்டரி விழுந்தவரின் குரல்.

நான் விடவில்லை. அரசுப் பள்ளியிலேயே தொடர்ந்து படிக்கிற பெண்களுக்குக் கல்லூரியில் மாதாமாதம் பணம் உண்டு, தொழிற்படிப்புக்கு ஒதுக்கீடு உண்டு, நடுவில் விட்டால் எல்லாம் போய்விடும் என்று அம்மாவிடம் மூச்சு விடாமல் சொன்னேன். அம்மா பெண்ணைப் பார்த்தார்.

"தெரியும் டீச்சர். அந்த நோட்டீஸ போர்டுல ஒட்டுனதே நான்தான்" என்றாள் அவள்.

"அப்புறம் ஏம்மா?"

"அங்க என்னதான் இருக்குன்னு நான் பாக்கணும். மூணு வருசமா அந்த வேன் என்னத் தாண்டித்தான் போவுது. தூசியத் தொடச்சிக்கிட்டு நான் நடந்து வரேன்."

தம்பி தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் கொஞ்சமாவது அழுவாள் என்று எதிர்பார்த்தேன், அழவில்லை. வகுப்புக்குப் போய்த் தனக்கு அடுத்த லீடர் யார் என்பதை அவளே நியமித்து, சாக்பீஸ் டப்பாவை ஒப்படைத்துவிட்டு, "போயிட்டு வரேன் டீச்சர்" என்று கிளம்பிவிட்டாள். அன்று பூராவும் எனக்கு எந்தக் கணக்கும் ஓடவில்லை. கரும்பலகையில் தப்புத் தப்பாகப் போட்டேன். யாரும் 'ஒரு நிமிஷம்' சொல்லவில்லை.

சாயங்காலம் அந்த வீட்டில் என்ன நடந்தது என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் மறுநாள் காலை வேனில் அவள்தான் போனாள்.

பையன் முதல் வாரம் ஊமையாகவே இருந்தான். பெண்கள் அவனை விட்டுவைப்பார்களா? 'டை எங்கடா?' என்று கேட்டார்கள். 'உன் பேர இங்கிலீஷ்ல சொல்லு' என்றார்கள். அவன் சொன்னதும் ஒருத்தி, "நல்லாத்தான சொல்ற, இதுக்கா பயந்த?" என்றுவிட்டாள். அன்றைக்கு மதியம் சத்துணவு வரிசையில் அவன் வாய் திறந்தது. அதற்குப் பிறகு மூடவே இல்லை. லாரியில் எத்தனை டன் ஏற்றலாம், எந்தச் சோதனைச் சாவடியில் யார் தூங்குவார், டயர் வெடித்தால் என்ன சத்தம் வரும் என்று இரண்டு வருஷத்துப் பேச்சையும் சேர்த்துப் பேசினான். காலாண்டுத் தேர்வுக்குள், பேசுகிறான் என்று வகுப்புக்கு வெளியே நிறுத்துகிற நிலைக்கு நான் வந்துவிட்டேன். வெளியே நின்று வாட்ச்மேனிடம் பேசினான்.

அக்காவின் கதை வேறு மாதிரி போனது. அங்கே முதல் தேர்வு முடிந்ததும் அவள் அம்மா எங்கள் பள்ளிக்கு வந்து என்னைப் பிடித்துக்கொண்டார்.

"என்னத்த டீச்சர் சொல்லிக் குடுத்தீங்க மூணு வருசமா? சயின்சு, இங்கிலீசு ஒண்ணுலயும் மார்க்கு இல்ல."

"கணக்குல?"

"கணக்குல மட்டும் நூறு. ஆனா அதுக்கு நீங்க காரணமில்லன்னு அவளே சொல்றா."

அந்த நூறில் எனக்குப் பங்கு உண்டு என்று நான் வாதாடவில்லை. ஆனால் அன்று பஸ்ஸில் வீடு வரைக்கும் மனசுக்குள் வாதாடிக்கொண்டே போனேன்.

அப்பா எங்களோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். எதிரே லாரியில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். லாரியை ஓட்டிக்கொண்டே முகத்தைத் திருப்புவது ஆபத்தான காரியம் என்பதால் அவர் வருவது தெரிந்தால் நானே ஓரமாக ஒதுங்கிவிடுவேன். அரையாண்டு விடுமுறைக்கு முன்னால் ஒரு மாலை, பஸ்ஸை விட்டுவிட்டு நிழற்குடையில் நின்றிருந்தேன். அவர் லாரி வந்து நின்றது.

"பஸ்ஸு போயிடிச்சு. ஏறுங்க டீச்சர், அரியலூர்ல வுட்டுடறேன்."

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு லாரி கேபினில் ஏறுவது எளிதல்ல. எப்படியோ ஏறிவிட்டேன். கொஞ்ச தூரம் போன பிறகு அவரே ஆரம்பித்தார்.

"பொண்ணு இப்பல்லாம் வூட்ல இங்கிலீசுலயே திட்டுது டீச்சர். எனக்கு ஒண்ணும் புரியல. ஆனா திட்டுதுன்னு மட்டும் நல்லா தெரியுது."

"நீங்க என்ன சொல்லுவீங்க?"

"எஸ், எஸ்ஸுன்னுடுவேன்."

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பிறகு ரோட்டைப் பார்த்தபடி சொன்னார்: "பையனுக்குப் பேச்சே வராமப் போயிடுமோன்னு உள்ளுக்குள்ள ஒரு பயம் இருந்துச்சு டீச்சர். அவங்கம்மாகிட்டகூடச் சொல்லல. டாக்டர்கிட்ட காட்டலாம்னுகூட நெனச்சேன். இப்பப் பேசுறான். தல வலிக்குது." கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜன்னல் வழியாகச் சுண்ணாம்புத் தூசி வந்துகொண்டிருந்தது என்பதும் உண்மைதான்.

அடுத்த மே மாதம் நாங்கள் பிள்ளை பிடிக்கப் போனபோது, டீக்கடையில் எங்களுக்காக ஆள் பிடித்துக்கொண்டிருந்தவர் அவர். "பையன அங்க சேத்து வுடுங்க, நல்லா பேசுவான்" என்று சொல்லிச் சொந்தத்தில் இரண்டு பையன்களைச் சேர்த்தும்விட்டார். பாய்ஸ் பெஞ்சு இரண்டானது. தலைமையாசிரியர் அந்தச் சந்தோஷத்தோடு ஓய்வு பெற்றுப் போனார். ஆனால் ஊரில் வேறு சில அம்மாக்களும் கணக்குப் போட்டிருந்தார்கள். லாரிக்காரர் வீட்டுப் பெண் வேனில் போகலாம் என்றால் நம் பெண் போகக் கூடாதா? அந்த வருஷம் எங்களிடமிருந்து சில பெண்கள் டிசி வாங்கிக்கொண்டு போனார்கள். மொத்தக் கணக்கு கூடவுமில்லை, குறையவுமில்லை. நான் உபரி ஆகவில்லை. இன்னும் இரண்டு பஸ் மாறித்தான் போய்க்கொண்டிருக்கிறேன்.

மறு வருஷம் பத்தாம் வகுப்பு முடிவு வந்த அன்று காலை பள்ளிக்குப் போகிற வழியில் டீக்கடையில் ஒரே கூட்டம். லாரிக்காரர் லட்டு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "எம் பையன் பாஸு! எம் பையன் பாஸு!" என்று போகிறவர் வருகிறவருக்கெல்லாம் கொடுத்தார். பையன் என் பாடத்தில் தடுக்கி விழுந்து கரையேறியிருந்தான். பக்கத்தில் நின்ற பெண்ணோ அவள் பள்ளியிலேயே முதல் மார்க். அவளைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. அவள் நன்றாகப் படிப்பதுதான் ஊருக்கே தெரியுமே, அதைப் போய் என்ன சொல்வது என்று இருந்துவிட்டார் போலிருக்கிறது.

அவள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு அப்பா கையிலிருந்த டப்பாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இது அவனுக்குக் குடுத்தது. இனிமே எனக்குக் குடுக்கறது" என்று சொல்லி, லட்டு வாங்கிய ஒவ்வொருவரையும் திரும்பக் கூப்பிட்டு இன்னொரு லட்டு கொடுத்தாள். தம்பி அவள் பின்னாலேயே நடந்து, "எங்க அக்கா ஸ்கூல் ஃபர்ஸ்ட்டுங்க, எங்க அக்காங்க" என்று தொண்டை கட்ட அறிவித்துக்கொண்டிருந்தான். கூட்டத்தில் என்னையும் பார்த்துவிட்டாள். எனக்கு அவனுடைய லட்டு கிடைக்கவில்லை. அவளுடையது மட்டும் கிடைத்தது. நன்றாக இருந்தது. இன்னொன்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.